அந்தப் பெண்ணின் பெயர் என்ன?

மறைக்கல்வி ஆசிரியர்களுக்கான பயிற்சி வகுப்புகளில் பல ஆண்டுகளாக ஓர் ஓவியத்தைக் காட்டி வந்திருக்கிறேன். பசுமை செறிந்த ஒரு தீவு. வலப்புறம், செந்நிறப் பூத்துணியை உடலில் சுற்றிய ஒரு பெண். அவள் தோளின்மேல் ஒரு சிறுவன். இருவர் தலையையும் மெல்லிய ஒளிவட்டம் சூழ்ந்திருக்கிறது. சற்றுத் தள்ளி இரு பெண்கள் கைகுவித்து நிற்கின்றனர். அவர்களுக்கு அப்பால், பூத்த கிளைகளுக்குள் பாதி மறைந்தவராய், மஞ்சள் சிறகுகளுடன் ஒரு வானதூதர். முன்புறம் படையல்போல் வாழைப்பழங்கள். கீழ் மூலையில் தாஹித்தி மொழியில் 'இயா ஓரானா மரியா' என்று எழுதப்பட்டிருக்கிறது. நாம் நாள்தோறும் சொல்லும் 'மரியே வாழ்க' என்பதே அது.

பால் கோகன் என்னும் பிரெஞ்சு ஓவியர் 1891-இல் தாஹித்தித் தீவில் வரைந்த படம் இது. இப்போது நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. குருமடத்தில் இறையியல் பயின்ற நாள்களில், நூலகத்தில் ஒரு கலைநூலைப் புரட்டியபோது முதன்முதலில் இதைக் கண்டேன். நற்செய்தி ஒவ்வொரு மண்ணின் நிறத்தையும் ஏற்க வேண்டும் என்று எங்கள் பேராசிரியர்கள் ஓயாது கற்பித்த காலம் அது. இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேறு உண்டோ என்று மகிழ்ந்து அதை மனத்தில் பதித்துக்கொண்டேன்.

சில மாதங்களுக்கு முன் அத்தகைய ஒரு வகுப்பின் முடிவில், கடைசி வரிசையில் இருந்த ஓர் அம்மையார் எழுந்து, "சாமி, அந்தப் பொண்ணு பேரு என்ன?" என்று கேட்டார். "நம் மாதாவின் பெயர் தெரியாதா?" என்று நான் வேடிக்கையாகச் சொல்ல, வகுப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "அதில்ல சாமி. வரையறதுக்காக நின்னாளே, அந்தப் பொண்ணு" என்றார். எனக்குத் தெரியவில்லை. தெரியாதது குறையன்று, இத்தனை ஆண்டுகளில் அக்கேள்வி ஒருமுறைகூட எனக்குள் எழவில்லையே என்பதுதான் உறுத்தியது. அந்த உறுத்தலோடு மீண்டும் நூல்களைத் தேடிப் படித்தேன்.

படித்தவுடன் கிடைத்த முதல் செய்தியே என்னைச் சற்றுத் திகைக்க வைத்தது. கைகுவித்து நிற்கும் அவ்விரு பெண்களின் நிலை தாஹித்தியில் கண்டதன்று; சாவகத் தீவின் போரோபுதூர் பௌத்தக் கோயிலின் புடைப்புச் சிற்பங்களிலிருந்து எடுத்தது. அச்சிற்பங்களின் நிழற்படங்களை ஓவியர் தம்முடன் கொண்டு சென்றிருந்தார். தாஹித்தி மக்கள் இவ்வாறுதான் மாதாவை வணங்குவர் என்று நான் வகுப்பில் சொல்லி வந்ததெல்லாம், சாவகத்துச் சிற்பி ஒருவர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் செதுக்கியதைப் பற்றியே!

இதனால் கோகனைப் பொய்யர் என்று முடிவுகட்டிவிட இயலாது. ஓவியர் எவரும் பல இடங்களிலிருந்து எடுத்துத் தொடுப்பவரே. இத்தாலிய ஓவியர்கள் நாசரேத்துக் கன்னிக்குத் தங்கள் ஊர்ச் சீமாட்டியரின் ஆடைகளை உடுத்தவில்லையா? அவர் மறைக்கல்வி அறியாதவரும் அல்லர். 1848-இல் பாரிசில் பிறந்து, குழந்தைப் பருவத்தைப் பெரு நாட்டின் லீமா நகரில் கழித்து, பதினொன்றாம் வயதில் ஓர்லேயான் நகருக்கு அருகில் இருந்த இளங்குருமடத்தில் சேர்ந்தார். அந்தக் குருமடம் ஆயர் துப்பாலூவின் மேற்பார்வையில் இருந்தது; மனிதன் எங்கிருந்து வருகிறான், எங்கே போகிறான் என்னும் கேள்விகளைச் சுற்றியே அவர் சிறுவர்க்கு மறைக்கல்வி கற்பித்தார். பின்னாளில் தம் மகள் அலின் 1897-இல் இறந்த செய்தி வந்து, தாமும் சாக முனைந்த காலத்தில், கோகன் ஏறத்தாழ 375 செண்டிமீட்டர் அகலமுள்ள ஒரு பேரோவியத்தைத் தீட்டினார். நாம் எங்கிருந்து வருகிறோம், நாம் யார், எங்கே போகிறோம் என்பதே அதன் தலைப்பு. பாஸ்டன் நகரில் அதன் முன் நிற்போர் பலரும் அதைக் கீழைத்தேசத் தத்துவம் என்று எண்ணிக்கொள்வார்களாம். ஒரு பிரெஞ்சு ஆயரின் மறைக்கல்விப் பாடம் அது.

ஒரு பங்குத் தரகர், 1882-இன் பங்குச் சந்தை வீழ்ச்சிக்குப் பின் ஓவியமே வாழ்வென்று துணிந்து, டென்மார்க்கில் மனைவியையும் ஐந்து பிள்ளைகளையும் விட்டுவிட்டு, 1891 ஏப்ரலில் மார்செய்ல் துறைமுகத்தில் கப்பலேறினார் என்றால், அவர் தேடிச் சென்றது எதை? அதை அவர் புறப்படுமுன்பே பெற்றிருந்தார் என்பதுதான் உண்மை. 1767 ஜூனில் வாலிஸ் என்னும் ஆங்கிலத் தலைவரின் கப்பல் தாஹித்தியை அடைந்தபோது பீரங்கிகள் முழங்கின, தீவினர் மாண்டனர். பத்தே மாதங்களுக்குப் பின் வந்த பூகன்வீல் என்னும் பிரெஞ்சுக்காரரை அம்மக்கள் இன்முகம் காட்டி வரவேற்றனர். அவ்வரவேற்புக்கும் பீரங்கிக்கும் உள்ள தொடர்பை அறியாத அவர், ஒன்பது பத்து நாள்களே தங்கிவிட்டு, காதல் தெய்வத்தின் தீவாகிய சித்தேராவின் பெயரை அதற்குச் சூட்டி, 1771-இல் நூலெழுதினார். குக் என்னும் மாலுமியின் இரண்டாம் பயணத்தில் உடன்சென்ற வில்லியம் ஹாட்ஜஸ் என்னும் ஓவியர் நாடு திரும்பியபின் 1776-ஐ ஒட்டி வரைந்த தாஹித்திக் காட்சியில், மாலைப்பொன் ஒளியில் ஆற்றில் நீராடும் பெண்கள் முன்னே இருக்கிறார்கள். அதே படத்தின் ஓரத்தில் துணி சுற்றிய ஒரு பிணம் மேடைமேல் கிடக்கிறது. பார்த்தவர் நினைவில் நின்றது நீராடும் பெண்களே. பிறகு 1880-இல் பியர் லோத்தியின் காதல் கதை வந்தது. 1889-இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் குடியேற்ற நாடுகளின் ஊர்களையே பெயர்த்து வைத்துக் காட்டினார்கள். கோகன் இவற்றையெல்லாம் கண்டும் படித்தும் சென்றார்.

சென்று இறங்கிய பப்பீத்தே நகரில் அவர் கண்டவை தகரக் கூரைகளும் அரசு அலுவலகங்களும் கடைகளுமே. 1880-லேயே பிரான்சு அத்தீவைத் தன்னுடன் இணைத்துக்கொண்டிருந்தது. அவர் வந்த சில நாள்களில் கடைசி மன்னர் ஐந்தாம் பொமாரேயும் இறந்தார். இலண்டன் மறைபரப்புச் சங்கத்தார் 1797-இல் வந்தது முதல் விவிலியம் அங்கே நூறாண்டு காலமாக வேரூன்றியிருந்தது. பெண்கள் கழுத்து முதல் கணுக்கால் வரை மூடும் நீண்ட அங்கியணிந்து கோவிலுக்குப் போயினர். பழைய தெய்வங்களின் சிலைகளோ கதைகளோ தேடினாலும் எளிதில் கிடைக்கவில்லை. கோகனுக்கு மீன்பிடிக்கவும் தெரியாது, பயிரிடவும் தெரியாது. கையை நீட்டினால் பழம் விழும் என்று உலகம் நம்பிய அத்தீவில், தகரப்பெட்டியில் அடைத்து வந்த உணவைக் கடையில் அதிக விலைக்கு வாங்கியே அவர் உண்டார்.

ஏமாற்றத்துக்கு உள்ளான மனிதர் செய்யக்கூடியவை இரண்டு. கண்டதை எழுதலாம், அல்லது தேடி வந்ததையே கண்டதாக எழுதலாம். விந்தை யாதெனில், கோகன் இரண்டையும் செய்தார். அவர் தூரிகை பலமுறை உண்மை பேசியது. நீண்ட அங்கியணிந்து, கைகளை மடியில் வைத்து, எங்கோ நோக்கி அமர்ந்திருக்கும் பெண்களை அவர் வரைந்திருக்கிறார். அவர்களில் ஒருத்தி முகத்திலும் நாள்காட்டிப் படங்களில் காணும் புன்னகை இல்லை. நாட்டை இழந்த மக்களின் சோர்வை அந்த முகங்களில் நான் காண்கிறேன். இது என் கருத்து, வேறு விதமாகக் கருதுவோரும் உளர். ஆனால் 'நோவா நோவா' என்று பெயரிட்டு அவர் எழுதிய நூலில் எழுதுகோல் வேறு வழியில் சென்றது. தம் இளம் துணைவி இரவுதோறும் பழைய தெய்வங்களின் கதைகளையும் விண்மீன்களின் பெயர்களையும் தமக்குச் சொன்னதாக அதில் எழுதினார். அக்கதைகள் மோரன்ஹூத் என்பவர் 1837-இல் வெளியிட்ட நூலிலிருந்து அவரே தம் குறிப்பேட்டில் படியெடுத்துக்கொண்டவை.

அந்தத் துணைவியின் பெயர் நமக்குத் தெரியும்: தெஹாமனா. நூலில் தெஹூரா என்று மாற்றியிருக்கிறார். ஓர் ஊரில், எங்கே போகிறீர் என்று ஒரு பெண்மணி கேட்க, பெண் தேடிப் போகிறேன் என்று இவர் சொல்ல, அப்பெண்மணி தம் மகளையே தந்ததாக நூல் சொல்கிறது. அப்போது அவளுக்கு வயது ஏறத்தாழ பதின்மூன்று. அவருக்கு நாற்பத்து மூன்று. இரண்டாம் பயணத்தில் வந்த பௌராவுக்கும், பின்னர் மார்க்கேசாஸ் தீவில் வந்த வாயோஹோவுக்கும் வயது பதினான்கு.

அக்காலச் சட்டம் அதைத் தடுக்கவில்லை என்று அவருக்காக வாதிடுவோர் உண்டு. அது உண்மையே. நம் பக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: 1917-இன் திருச்சபைச் சட்டத் தொகுப்பு வரும் வரை பெண்ணின் திருமண வயது பன்னிரண்டு என்றே நம் திருச்சபைச் சட்டமும் வைத்திருந்தது. ஆயினும் சட்டம் அனுமதித்தது என்பது குற்றத்தின் ஒரு பகுதியையே நீக்கும். தெஹாமனா அவரைவிட்டுப் போக விரும்பினால் போகலாமா, எங்கே போவாள், அவள் பெற்றோர் ஓர் ஐரோப்பியருக்கு மறுப்புச் சொல்லும் நிலையில் இருந்தனரா என்பன சட்டம் கேட்காத கேள்விகள். கோகன் 1895-இல் மீண்டும் வந்தபோது, தன்னினத்தவர் ஒருவரை மணந்திருந்த அவள் அவரிடம் திரும்பி வாழ வரவில்லை. அவளாகத் தந்த விடையாக நமக்குக் கிடைத்திருப்பது அது ஒன்றே. 1918-இல், உலகெங்கும் பரவிய இன்புளுவென்சாக் காய்ச்சலில் அவள் இறந்தாள்.

இப்படிப்பட்டவரின் ஓவியத்தைக் கோவிலுக்கு அடுத்த அறையில் காட்டலாமா என்பதே என் கேள்வியாயிற்று. 2019-இல் இலண்டன் தேசியக் கலைக்கூடத்தில் அவர் வரைந்த உருவப்படங்களைக் காட்சிக்கு வைத்தபோதும் இக்கேள்வி வெளிப்படையாகவே எழுந்தது.

குருமடத்தில் படித்த எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது தொனாத்துவாதிகளின் வழக்கு. பாவியான குரு தரும் திருமுழுக்குச் செல்லாது என்று அவர்கள் சொல்ல, புனித அகுஸ்தீன் அதை மறுத்தார்: திருமுழுக்குத் தருபவர் கிறிஸ்துவே, பணியாளரின் கறை அருளடையாளத்தைக் கறைப்படுத்தாது. அப்படியானால் ஓவியரின் கறையும் ஓவியத்தில் படியாது என்று சொல்லிவிடலாமா? நானும் சில நாள் அப்படியே எண்ணி ஆறுதல் அடைந்தேன். ஆனால் ஒப்புமை நிற்கவில்லை. அருளடையாளம் குருவுடையதன்று, ஓவியமோ ஓவியருடையது. அவர் கண் எதை விரும்பியதோ அதுவே அதில் வடிவம் பெறுகிறது.

புனித தோமா அக்குவினா இன்னும் நெருங்கி வருகிறார். கலைஞன் கலைஞன் என்ற முறையில் போற்றப்படுவது அவன் உள்ளத்தின் நேர்மைக்காக அன்று, அவன் செய்த பொருளின் சிறப்புக்காகவே என்பது அவர் தரும் விளக்கம். இதை மேற்கோள் காட்டிவிட்டு நிறுத்துபவர்களே மிகுதி. கலையை நன்முறையில் பயன்படுத்த நல்ல உள்ளம் வேண்டும், அதை அறநெறிப் பண்பே தரும் என்று அதே இடத்தில் அவர் சேர்த்துச் சொல்வதை மறந்துவிடுகிறோம். கோகனின் வண்ணங்கள் பெரும் சிறப்புடையவை, மறுப்பவர் கண்ணற்றவர். அவ்வண்ணங்களைக் கொண்டு அவர் பிறரைப் பற்றி என்ன சாட்சி சொன்னார் என்பது வேறு வழக்கு. பொய்ச்சான்று கூறாதே என்னும் எட்டாம் கட்டளை நாவுக்கு மட்டும் உரியதன்று. சொல்லாத கதைகளை ஒரு சிறுமி சொன்னதாக எழுதியது பொய்ச்சான்றே. காலமும் வரலாறும் இல்லாத மக்கள், எதையும் கேட்காத மக்கள், காண்பவர் விரும்புவதையே தாமும் விரும்பும் மக்கள் என்று ஓர் இனத்தைப் பற்றி உலகை நம்பவைத்ததும் பொய்ச்சான்றே. புகழ்ந்து சொல்வதால் பொய் பொய்யாகாமல் போகாது.

அதே கட்டளை கோகனையும் காக்கிறது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். சென்ற இடமெல்லாம் அவர் மேகநோயைப் பரப்பினார் என்று பலர் தயக்கமின்றி எழுதுகிறார்கள். 2000-ஆம் ஆண்டில் அவர் வாழ்ந்த இடத்துக் கிணற்றைத் தோண்டியபோது கிடைத்த பற்களை ஆய்ந்ததில், அந்நோய்க்கு அன்று தரப்பட்ட பாதரசம் போன்ற மருந்துகளின் தடயம் காணப்படவில்லை. அதனால் அவர் நோயற்றவர் என்று ஆகிவிடாது. ஆனால் மெய்ப்பிக்கப்படாததை மெய்யாகச் சொல்ல, குற்றவாளியைப் பற்றியே ஆனாலும், நமக்கு உரிமையில்லை.

787-ஆம் ஆண்டின் இரண்டாம் நீசேயாப் பொதுச்சங்கம், உருவத்துக்குச் செலுத்தும் வணக்கம் அவ்வுருவத்தின் மூலத்தைச் சென்று சேர்கிறது என்று கற்பித்தது. புனிதர் உருவங்களைப் பற்றிய போதனை அது. ஆனாலும் அதைக் கையில் வைத்துக்கொண்டு இவ்வோவியங்களைப் பார்த்தேன். அவர் 1892-இல் வரைந்த, 'நீ எப்போது மணம் புரிவாய்' என்னும் தலைப்புள்ள ஓவியம் 2014-இல் ஏறத்தாழ 21 கோடி அமெரிக்க டாலருக்குக் கைமாறியது. 1998 முதல் தாஹித்திக் கடலில் உல்லாசப் பயணிகளை ஏற்றிச் செல்லும் ஒரு கப்பலுக்கு அவர் பெயரே சூட்டப்பட்டிருக்கிறது. அவர் வாழ்க்கையைத் தழுவி சாமர்செட் மாம் 1919-இல் ஒரு நாவல் எழுதினார்; பின் திரைப்படங்கள் வந்தன; விமான நிலையம் வந்தது. உருவத்துக்கு இத்தனை மரியாதை. மூலத்துக்கு? அந்தத் தீவுக் கூட்டத்தின் முருரோவா, பாங்கத்தவுபா பவளத் தீவுகளில் 1966 முதல் 1996 வரை பிரான்சு 193 அணுகுண்டுச் சோதனைகளை நடத்தியது. பாதிக்கப்பட்டோர்க்கு இழப்பீடு தரச் சட்டம் 2010-இல்தான் பிறந்தது. சோதனைகள் நடந்த அதே ஆண்டுகளில்தான் சுற்றுலா விளம்பரங்களில் காதில் பூச்சூடிய பெண்கள் உலகெங்கும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஓவியரை மட்டும் குற்றக் கூண்டில் நிறுத்தி நாம் பார்வையாளர் இருக்கையில் அமர்ந்துகொள்ள முடியாது. அவருக்கு முன்பே மறைப்பணியாளர் அத்தீவுகளில் ஆடலை விலக்கினர், பச்சைகுத்தலை விலக்கினர், உடலை மூடினர். அவர் வந்து ஆடையைக் களைந்து வரைந்தார். இரு சாராரும் அப்பெண்களைக் கேட்டதில்லை. அவர் 1901-இல் மார்க்கேசாஸ் கூட்டத்தைச் சேர்ந்த ஹிவா ஓவா தீவின் அத்துவோனா ஊருக்கு வந்தபோது, வீடு கட்ட நிலம் விற்றதே கத்தோலிக்க மறைப்பணித் தளம்தான். நிலம் கைக்கு வரும் வரை தவறாமல் திருப்பலிக்கு வந்தார், வந்தபின் வரவில்லை. கன்னியர் நடத்திய பள்ளியிலிருந்துதான் வாயோஹோவைப் பெற்றோர் இசைவுடன் அழைத்துக்கொண்டார். பள்ளியிலிருந்து தொலைவில் வாழ்வோர் பிள்ளைகளை அனுப்பத் தேவையில்லை என்று சட்டத்தைக் காட்டி ஊராரைத் தூண்டினார். ஆயர் மார்ட்டினை எள்ளி ஒரு சிலை செய்து வீட்டு முன் நிறுத்தினார். அதே மனிதர், தீவினருக்காகக் காவலரையும் வரியையும் எதிர்த்து மனு எழுதினார். காவலர் ஒருவர்மீது அவதூறு கூறியதாக மூன்று மாதச் சிறையும் 500 பிராங்க் அபராதமும் 1903-இல் விதிக்கப்பட்டன. சிறை செல்லுமுன் மே 8 அன்று இறந்தார். பல பத்தாயிரம் பேர் வாழ்ந்ததாகக் கருதப்படும் மார்க்கேசாசில், நோய்கள் வாரிக்கொண்டு போனபின் 1920-களில் எஞ்சியிருந்தோர் இரண்டாயிரத்துச் சொச்சம். அந்த அழிவின் நடுவே அவரை ஆதரித்துப் பேச எவருக்கு மனம் வரும்? ஆயர் தம் கடிதத்தில் அவரைக் கடவுளின் பகைவர் என்றே குறித்தார். இருந்தும் நம் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்திலேயே அவருக்கு இடம் தந்தார்கள். இன்றும் அங்கேதான் கிடக்கிறார். 2003-இல் அவ்வூரில் அவர் பெயரால் ஒரு பண்பாட்டு மையம் திறக்கப்பட்டது. அங்கே தொங்குபவை அவர் ஓவியங்களின் படிகள்.

'இயா ஓரானா மரியா' படத்தை நான் வகுப்பிலிருந்து நீக்கவில்லை. நீக்கினால் அந்தப் பெண்ணும் அதனோடு மறைந்துவிடுவாள். ஆனால் அதற்குமுன் இப்போது வேறொரு படத்தைக் காட்டுகிறேன். 1893-இல் வரையப்பட்டு, சிகாகோ நகரில் இருப்பது அது. பின்சுவரில் ஈஸ்டர் தீவின் பழைய எழுத்துகள் போன்ற குறிகள். அவ்வெழுத்துப் பலகைகளைத் தேடிச் சேர்த்துக் காத்தவர் தாஹித்தி ஆயர் ஜோசன் என்பதை நம் வாசகர்கள் அறிய வேண்டும். முன்னே, கழுத்துவரை மூடிய நீலவெள்ளைக் கோட்டு அங்கி, கூந்தலில் பூ, கையில் விசிறி. நேராக அமர்ந்து, சற்றே ஒதுங்கிப் பார்க்கும் ஒரு பெண். தெஹாமனாவுக்கு முன்னோர் பலர் என்பது படத்தின் தலைப்பு.

சென்ற மாதம் அதைக் காட்டியபோது அந்த அம்மையார் மீண்டும் கடைசி வரிசையில் இருந்தார். தம் குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "அந்தப் பேரை இன்னொரு தடவை மெதுவாச் சொல்லுங்க சாமி, எழுதிக்கிறேன்" என்றார். சொன்னேன்.